சட்டைக்குள் போன பதினாறு பக்கங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடம் மே மாதம், இந்தியா முழுக்க ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து தண்டவாளங்கள் துருப்பிடித்துக் கிடந்தபோது, ஒரே ஒரு ரயில் எனக்காக ஓடியது. மந்திரிக்காக அல்ல, பட்டாளத்துக்காக அல்ல. மாரெட்பள்ளி சுந்தரேசன் ஆகிய எனக்காக. தொண்ணூற்றாறு பக்கத் துப்பறியும் நாவல் ஒன்றை நான் செகந்திராபாத்துக்குக் கொண்டுவருவதற்காக. முன்னால் இரண்டு சிப்பாய், பின்னால் இரண்டு சிப்பாய், நடுவில் நான். புகை மட்டும் மூன்று மைல் நீளம்.

இதைப் பதினைந்து வருடங்களாக செகந்திராபாத் இரானி ஹோட்டலில் சொல்லிவந்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கு இன்னொரு கப் டீ சொல்வார்கள். நம்புகிறீர்களா என்று நான் கேட்பதில்லை. நம்பவில்லை என்று சொல்லி அவர்களும் டீயைக் கெடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் ஒவ்வொரு தடவையும் எதிர் நாற்காலியில் இருந்துகொண்டு, "புளுகு. அந்த இருபது நாள் ஒரு வண்டியும் வரலே" என்பான்.

அவன் வேதாசலம். பாட்டன் காலத்திலிருந்து செகந்திராபாத் முதலியார் குடும்பம். கூட்ஸ் வண்டி டிரைவராக இருந்தவன். ரயிலைப் பற்றி ரயில்காரனே சொன்ன பிறகு அப்பீல் ஏது?

பத்தை நூறாகச் சொல்வது எனக்குப் பிறவிக் குணம். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எண்ணூறு பேர் என்பேன். இருபத்தாறு என்பாள் என் மனைவி மங்களம். ஆனால் இந்த ரயில் விஷயத்தில் நான் கூட்டியது கொஞ்சம், விட்டது நிறைய. ஹோட்டலில் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன். இங்கே நிறுத்தப்போவதில்லை.

அப்போது நான் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸில் இருந்தேன். மாரெட்பள்ளித் தமிழர்கள் சேர்ந்து ஒரு வாசகசாலை நடத்தினோம். வாசகசாலை என்றால் ஒரு பீரோ, ஒரு பெஞ்சு, நாலாயிரம் எலி. நான்தான் அதன் நூலகர். மாதா மாதம் எட்டாம் தேதி மெட்ராஸ் பார்சலில் ஆபத்சகாயம் வரிசையில் ஒரு நாவல் வரும். ஆபத்சகாயம் ஒரு வக்கீல் குமாஸ்தா. துப்பாக்கியைத் தொட மாட்டார்; வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்ட தினுசைப் பார்த்தே அவன் கொலைகாரனா இல்லையா என்று சொல்லிவிடுவார். கண்டுபிடித்ததைத் தன் முதலாளியான வக்கீல் வரதராஜனிடம் கைகட்டிச் சொல்வார். வக்கீல் கோர்ட்டில் முழங்குவார். முப்பது புத்தகமும் இப்படித்தான்.

வருவது ஒரு புத்தகம், காத்திருப்பது பதினேழு வீடு. முதலில் படித்தவர் வாய் தவறிக் கொலைகாரன் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற பதினாறு வீட்டிலும் சோறு இறங்காது. ஒரு முறை இதற்காகக் கைகலப்பு நடந்து ஒருவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதன்பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். புத்தகம் வந்ததும் அதன் ஓரத்தில் அடித்திருக்கும் இரண்டு பின்களையும் நான் பிடுங்கிவிடுவேன். கடைசிப் பதினாறு பக்கத்தைத் தனியாக எடுத்துப் பீரோவில் பூட்டுவேன். முதல் எண்பது பக்கத்தைப் படித்தவர் வந்து, கொலைகாரன் யார் என்று தன் ஊகத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கடைசிப் பதினாறு அவர் கைக்குப் போகும்.

முப்பது புத்தகத்தில் முப்பதையும் சரியாக எழுதியவன் சாம்பசிவம். வேதாசலத்தின் தங்கை ஜலஜாவின் கணவன். எங்கள் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் இருந்தான்; தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிந்துவிடுவான். மனித முகத்தையும் அப்படித்தான் பார்ப்பான். ஒரு மாதம் நான் கடைசிப் பக்கங்களைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டேன். அவன் என் எதிரில் உட்கார்ந்து புத்தகத்தில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். "சமையல்காரன்" என்றபோது என் இடது இமை துடித்ததாம். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து பீரோச் சாவி என் கையைவிட்டு மங்களம் கைக்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், சரியாகச் சொல்வதில் சாம்பசிவத்துக்குச் சந்தோஷமே கிடையாது. கடைசிப் பதினாறு பக்கத்தை ஆசையாக வாங்கிப் போவான். திரும்பிவரும்போது முகம் தொங்கிப்போயிருக்கும். "இந்த மாசமும் ஏமாத்தலேடா சுந்து. ஒரே ஒரு தடவையாவது என்னை ஏமாத்தக் கூடாதா அந்த ஆளு?" என்பான். அதற்காகவே அடுத்த எட்டாம் தேதிக்குக் காத்திருப்பான்.

எழுபத்து நாலாம் வருடப் பொங்கலுக்குப் பிறகு அவனுக்குத் தொண்டையில் கட்டி. பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு. ஏப்ரல் கடைசியில் டாக்டர் ஜலஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, மே மாதம் தாண்டாது என்று சொல்லிவிட்டார். அவள் அவனிடம் சொல்லவில்லை. ஊரிலுள்ள எல்லா முகத்தையும் படித்துவிடுவேன், ஜலஜா முகம் மட்டும் எனக்குப் புரியாத பாஷை என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

இந்தச் சமயம் பார்த்துக் காகிதப் பஞ்சம். பதிப்பாளர் முப்பத்தொன்றாவது நாவலை இரண்டாக வெட்டி, முதல் பாதியை ஏப்ரலில் கொடுத்துவிட்டார். ஒரு மில் முதலாளி பூட்டிய பூஜை அறைக்குள் விஷம் குடித்துச் செத்துக்கிடக்கிறார். சந்தேகம் தம்பி மேல், இரண்டாம் தாரத்தின் மேல், கம்பவுண்டர் மேல். மிச்சம் மே எட்டாம் தேதி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் சிலேட்டைத் திருப்பிக் காட்டுவான்: "எட்டாம் தேதி எப்போ?"

"எட்டாம் தேதிதான்டா எட்டாம் தேதி" என்பேன். தோள் மட்டும் குலுங்கும். அதுதான் சிரிப்பு.

மே ஆறாம் தேதி சாயங்காலம் வேதாசலம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வேலைநிறுத்தம் எட்டாம் தேதி ஆரம்பம். சங்கத்தில் முன்வரிசை ஆள் என்பதால் போலீஸ் ஏற்கெனவே அவனைத் தேடிக்கொண்டிருந்தது.

"மச்சான், நாளையிலேருந்து என்னைப் பார்க்க முடியாது. எங்கேன்னு ஜலஜாவுக்கும் சொல்ல மாட்டேன். போலீஸ் கேட்டா அவ பொய் சொல்ல வேணாம் பாரு."

சிலேட்டு எழும்பியது: "புத்தகம்?"

"ஐயோ, இதைப் பாரு ஐயரே! நான் ஜெயிலுக்குப் போறேங்கறேன், இவருக்குப் புத்தகம். நாலு நாளு மச்சான். சர்க்கார் இறங்கி வந்துடும். அதுவரைக்கும் ஒரு சக்கரம் உருள விட மாட்டோம். எங்க அம்மா மேல ஆணை."

சாம்பசிவம் எழுதினான்: "ஜெயிச்சுட்டு வா. வரும்போது அதை எடுத்துட்டு வா."

நாலு நாள் பத்து நாளாயிற்று. வெயில் ஆஸ்பத்திரிச் சுவர் வழியாகவே உள்ளே வந்தது. சாம்பசிவம் பாதியாகி, பாதியில் பாதியானான். வலிக்கு ஊசி போட வந்தால் கையை இழுத்துக்கொண்டு, "தூங்கிட்டா? வந்துட்டா?" என்று எழுதுவான். ஊசியின் மயக்கத்தில் இருக்கும்போது புத்தகம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்குப் பயம். அதனால் வலியோடு கிடந்தான்.

நான் மெட்ராஸுக்கு நாற்பது தந்தி கொடுத்தேன். சரி, இரண்டு. பதிப்பாளரிடமிருந்து பதில் வந்தது: கட்டு ஆறாம் தேதியே அனுப்பியாகிவிட்டது. ஸ்டேஷன் புத்தகக் கடைக்காரர் விசாரித்துச் சொன்னார்: அந்த வண்டி வழியில் ஒரு ஜங்ஷனில் நின்றுவிட்டது, பார்சலெல்லாம் அங்கே இறக்கிக் கிடக்கிறது. ஜங்ஷன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பதினெட்டாம் தேதி டாக்டர் ஜலஜாவிடம், இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று என்றார். பத்தொன்பதாம் தேதி விடிந்ததும் நான் பஸ் ஏறினேன்.

ஜங்ஷனில் பிரயாணி என்று ஒரு ஈ காக்கை இல்லை. பிளாட்பாரம் முழுக்கத் துப்பாக்கிக்காரர்கள். பார்சல் அறைக்குப் பெரிய பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். மூலையில், சாக்குத் துணியில் சுற்றி, தமிழில் முகவரி எழுதிய கட்டு. நான் கை நீட்டினால் ஒரு முழம் குறைவு. பார்சல் கிளார்க் வந்தால்தான் திறக்கலாம் என்றான் காவலுக்கு நின்றவன். கிளார்க் எங்கே? வேலைநிறுத்தத்தில். எப்போது வருவார்? வேலைநிறுத்தம் முடிந்ததும். நான் கம்பிக்குள் குடைக்காம்பை விட்டுக் கட்டைக் கொக்கி போட்டு இழுக்கப் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையால் முழங்காலில் ஒன்று கொடுத்தான். இன்றைக்கும் அந்த முழங்கால் வானொலிக்கு முன்னால் மழையை அறிவிக்கிறது.

அப்படியே சுவரோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் வேதாசலத்தைக் கொண்டுவந்தார்கள்.

முந்தைய நாள் பக்கத்துக் கிராமத்தில் பிடித்திருக்கிறார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. பிளாட்பாரத்தை ஒட்டி நிலக்கரி வண்டி ஒன்று ஆவி கக்கிக்கொண்டு நின்றது. செகந்திராபாத் பக்கம் மின்சார நிலையத்தில் கரி தீர்ந்துவிட்டது, இந்த வண்டி போயாக வேண்டும், ஓட்ட ஆள் இல்லை. காவல் படை அதிகாரி ஓட்டச் சொல்லிக் கேட்டார், வேதாசலம் மறுத்துத் தலையாட்டினான். மாட்டேன். அறைந்தார்கள். மறுபடி கேட்டார். மாட்டேன். குடும்பத்தைக் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியே எறிவோம் என்றார்.

"எறிஞ்சுக்கோ" என்றான் வேதாசலம்.

நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். அப்போதும் மாட்டேன்தான். அதிகாரி அலுத்துப்போய், நாளைக்குப் பார்க்கலாம், கொண்டுபோங்கள் என்று கையசைத்தார்.

நான் எழுந்து கத்தினேன்.

"வேதாசலம்! புஸ்தகம் இந்த ரூமுக்குள்ளேதான் இருக்கு! ரெண்டு நாளைக்குத் தாங்காதுன்னுட்டார் டாக்டர்!"

நாலு பேர் அடித்து வளைக்க முடியாத மனிதனை நான் ஒரு கத்தலில் வளைத்தேன். இதை ஹோட்டலில் சொன்னதில்லை.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தண்டவாளத்தை வெகுநேரம் பார்த்தான். அப்புறம் அதிகாரியிடம், அவர்கள் ஊர் இந்தியும் நம்ம ஊர் தக்காணி உருதுவும் கலந்து சொன்னான்: அந்தப் பூட்டை உடை. உள்ளே ஒரு கட்டு இருக்கு. அதிலிருந்து ஒரே ஒரு புத்தகம் எடுத்து இந்த ஐயர் கையிலே கொடு. இவரையும் இன்ஜின்ல ஏத்து. ஓட்டறேன்.

பூட்டை உடைத்தார்கள். அதிகாரியே ஒரு பிரதியை உருவினார். அட்டையில் நாக்கு வெளியே தள்ளிய மில் முதலாளி, ரத்தச் சிவப்பில் ஒரு மணி, பின்னால் தீபம். அவருக்குத் தமிழ் தெரியாது.

"மத நூலா?" என்று கேட்டார்.

"ஹவ்" என்று ஆமோதித்தான் வேதாசலம்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார்.

கரி அள்ளிப்போட இரண்டு சிப்பாய்கள். பாதிக் கரி அடுப்பில், பாதி என் மேல். ஒரு சின்ன ஸ்டேஷனில், ரயில்வேக்காரர்களின் பெண்டாட்டிகள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றிருந்தார்கள். கையில் துடைப்பம், இடுப்பில் பிள்ளை. வண்டி கடக்கும்போது ஒவ்வொருத்தியாகத் துப்பினாள். வேதாசலம் துண்டால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டான்.

"புகை" என்றான் என்னிடம். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மடியிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கவனித்தேன், என் விரல்கள் பாட்டுக்கு இரண்டு பின்களையும் பிடுங்கிவிட்டிருந்தன. கடைசிப் பதினாறு பக்கம் தனியாக என் கையில். பழக்கம்! உலகத்தில் வேறெந்த மனிதனும் அந்த இன்ஜின்மேல் உட்கார்ந்து இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான். சரி, எடுத்தாகிவிட்டது. இது என் பையில் இருந்தால் நான் படித்துவிடுவேன். படித்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தால் என் இமை காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டு எடுத்துப்போய்ச் சாம்பசிவத்துக்கு அழுகல் பழமா கொடுப்பது?

"இந்தா, இதை நீ வெச்சுக்கோ. ஸ்டேஷன்ல வாங்கிக்கறேன்" என்று வேதாசலத்திடம் நீட்டினேன். அவன் என்ன ஏதென்று கேட்காமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

வண்டி ஸ்டேஷனுக்கு வரவில்லை. வெளியே யார்டிலேயே நிறுத்தச் சொன்னார்கள். நின்ற மறுநிமிடம் ஒரு ஜீப் வந்தது. என்னை ஒரு பக்கம் இறக்கிவிட்டு, அவனை மறுபக்கம் இறக்கி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். நான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போவதற்குள் தூசிதான் இருந்தது. என் கையில் எண்பது பக்கம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து உரக்கப் படித்தேன். சாம்பசிவம் ஊசி வேண்டாமென்று கையால் தள்ளிவிட்டுக் கண் கொட்டாமல் கேட்டான். தம்பி வரும் இடத்தில் உதட்டைப் பிதுக்கினான். கம்பவுண்டர் கை கழுவும் இடத்தில் விரலைத் தூக்கி, மறுபடி படி என்றான். எண்பதாம் பக்கம் முடிந்ததும் கையை நீட்டினான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜலஜாவும் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் எழுதினான்: "மச்சான் ஓட்டினானா?"

ஆமாம் என்றேன்.

ஈரத்துணியால் அதை அழித்தான். இரண்டு தடவை, மூன்று தடவை, எழுத்தின் தடம்கூட இல்லாதபடி அழித்தான். பிறகு, "நம்ம மூணு பேரோட போகட்டும்" என்று எழுதி அதையும் அழித்தான். கடைசியாகச் சிலேட்டின் நடுவில் தன் ஊகத்தை எழுதி என்னிடம் கொடுத்தான்: "கம்பவுண்டர்." விதி விதிதான்.

லாக்கப்பில் ரத்த சம்பந்தம் உள்ளவர்களை மட்டும்தான் விடுவார்கள். ஜலஜா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். கையில் காகிதம் இல்லை.

"வாங்கிட்டாங்கண்ணா" என்றாள் என்னிடம். "சட்டையைக் கழட்டச் சொன்னப்போ விழுந்துதாம். அட்டை இல்லே, பேரு இல்லே, தமிழ்ல பதினாறு பக்கம். ஸ்டிரைக் நோட்டீஸுன்னு மேலிடத்துக்கு அனுப்பிட்டாங்களாம், தமிழ் தெரிஞ்ச ஆளை வெச்சுப் படிக்கறதுக்கு."

நானே செய்த வினை.

"ஆனா அதுக்கு முன்னாடி அண்ணன் படிச்சுடுச்சு" என்றாள். "ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சுதாம். அஞ்சு தடவை படிச்சுதாம். ஒரு கண்ணாலே."

அவள் சாம்பசிவத்தின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், நெற்றி, கண், வாய் என்று அளவுக் கருவி வைத்துப் பார்ப்பதுபோல. ஒன்றும் கிடைக்கவில்லை.

"தப்பு" என்றாள்.

அவன் புருவம் ஏறியது.

"கம்பவுண்டர் இல்லே. கை கழுவினது வேற எதுக்கோவாம். தம்பியும் இல்லே. ரெண்டாந்தாரமும் இல்லே."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வக்கீலு."

சாம்பசிவத்தின் தோள் குலுங்கத் தொடங்கியது. கட்டில் குலுங்கியது. கழுத்துத் துளையில் காற்று சீறியது. நர்ஸ் லூர்துமேரி வலிப்பு வந்துவிட்டதென்று நினைத்து ஓடிவந்து அவன் தோளை அழுத்தினாள். அவன் அவளைத் தள்ளிவிட்டுச் சிலேட்டைப் பிடுங்கினான். எழுத்து கோணல்மாணலாக வந்தது: "முப்பது புத்தகமா கூடவே இருந்தவனா!"

கீழே இரண்டு கோடு. என்னைப் பார்த்தான். நெஞ்சைத் தட்டிக்காட்டினான். ஏமாந்துட்டேன்டா, ஏமாந்துட்டேன் என்று. இருபது வருடத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அழித்துவிட்டு மறுபடி எழுதினான்: "வக்கீல் தூக்கிலே தொங்கினா ஆபத்சகாயம் யார்கிட்டே வேலை பார்ப்பான்? அடுத்தது எப்போ?"

"ஜூன் எட்டு" என்றாள் ஜலஜா.

அவன் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தான். அன்றைக்கு அது அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறகு ஊசிக்குக் கையை நீட்டினான்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் போய்விட்டான். மச்சானை வெளியே விடவில்லை. வாசகசாலைக்காரர்கள் நாங்கள்தான் தூக்கினோம்.

வேலைநிறுத்தம் இருபத்தேழாம் தேதி வாபஸ் ஆயிற்று. ஜெயிக்கவில்லை. வேதாசலத்துக்கு வேலை போயிற்று. மூன்று வருடம் ஒரு மரக்கடையில் உட்கார்ந்திருந்து, ஆட்சி மாறியபிறகு திரும்பச் சேர்ந்தான். அவன் இன்ஜினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் தியாகுவுக்கும் அதே கதி. தியாகுவுக்கு அதற்குமேலும் ஒன்று. அவன் தலைமறைவாக இருந்தபோது அவன் குடும்பத்தைக் குவார்ட்டர்ஸை விட்டு வெளியேற்றினார்கள். பானை சட்டியோடு எல்லோரும் ரோட்டோரம் கிடந்தார்கள். பத்தொன்பதாம் தேதி மத்தியான வெயிலில் அவன் அம்மா தாயம்மாள் சுருண்டு விழுந்து இறந்தாள். நாங்கள் இன்ஜினில் வந்துகொண்டிருந்த நேரம்.

அந்த ரயிலை எங்கள் ஊரில் நாலைந்து பேர் தூரத்தில் பார்த்திருக்கிறார்கள். ஜூன் மாதமே பேச்சு கிளம்பியது: ஒரு வண்டி வந்ததாமே, யார் ஓட்டினது? சங்கத்தில் சிலர் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரானி ஹோட்டலில் உட்கார்ந்து, அந்த ரயில் எனக்காகத்தான் ஓடியது என்று உரக்கச் சொன்னேன். புகை மூன்று மைல் என்றேன். ஒரே சிரிப்பு. சுந்தரேசன் சொன்ன ரயிலா, அப்போ அப்படியொரு ரயிலே கிடையாது என்று தேடுவதை விட்டுவிட்டார்கள். அதன்பிறகு நானும் நிறுத்தவில்லை. வேதாசலமும் தன் பங்குக்குப் "புளுகு" என்று சொல்வதை நிறுத்தவில்லை. தனியாக இருக்கும்போது நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது எண்பத்தொன்பதாம் வருடம். போன மாதம், மே முதல் வாரம், நாங்கள் இருவரும் வழக்கமான மேஜையில் இருந்தபோது தியாகு வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. கையில் அழைப்பிதழ்க் கட்டு.

"அண்ணே, பதினஞ்சு வருஷம் ஆச்சு. சங்கத்துல கூட்டம் போடறோம். சால்வை உங்களுக்குத்தான். நான்தான் போத்தப் போறேன்."

"நக்கோ தியாகு. வேற யாருக்காவது போத்து" என்றான் வேதாசலம்.

"கைக்கு நக்கோ, ஏன் வேணாம்? உங்க பேரைச் சொன்னேன், ஒருத்தன் மறுபேச்சு பேசலே. அடிச்சும் மசியாதவரு நீங்கதானேண்ணே."

"எனக்கு முழங்கால் வலி. மேடை ஏற முடியாது."

"தூக்கிட்டுப் போறோம்." தியாகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் குரல் இறங்கியது. "அண்ணே, எங்கம்மா நாய் மாதிரி ரோட்டுல கிடந்து செத்தா. கொள்ளி வைக்கக்கூட நான் வரலே. ஆனா அன்னிக்கும் நாம ஒரு சக்கரம் உருள விடலே. அதை நெனச்சுக்கிட்டுத்தான் பதினஞ்சு வருஷமா எனக்குச் சோறு இறங்குது. அதை நீங்க மேடையில ஒரு வார்த்தை சொன்னா போதும்."

கையிலிருந்த சாஸர் நிரம்பியதைப் பார்க்காமல் வேதாசலம் டீயை ஊற்றிக்கொண்டிருந்தான். டீ மேஜையில் சிந்தியது. நான் பதறிப்போய் நடுவில் புகுந்தேன்.

"யாருடா உருளலேன்னது? எனக்காக ஒண்ணு உருண்டுதே! முன்னாலே ரெண்டு சிப்பாய், பின்னாலே ரெண்டு சிப்பாய், புகை மட்டும் மூணு மைல்..."

தியாகு சிரித்துவிட்டான். "ஆரம்பிச்சுட்டாருடா சாரு." வேதாசலத்தின் பக்கம் திரும்பினான். "சொல்லுங்கண்ணே, உங்க டயலாக்கைச் சொல்லுங்க."

நானும் சிரித்துக்கொண்டே வேதாசலத்தைப் பார்த்தேன். சொல்லுடா, புளுகுன்னு சொல்லு. பதினைந்து வருடமாகச் சொன்னதுதானே?

அவன் சாஸரைக் கீழே வைத்தான். அழைப்பிதழை எடுத்து, தன் பெயர் அச்சாகியிருந்த இடத்தைப் பார்த்தான். அதைத் தியாகுவின் பக்கமே நகர்த்தினான்.

"ஐயரு புளுகலே, தியாகு."

"என்னண்ணே?"

"வண்டி வந்தது. பத்தொன்பதாந்தேதிதான். இருபத்திரண்டு வேகன் கரி. நான்தான் ஓட்டினேன்."